அடி மூணு

ஜூன் 9

தம்பிக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடலாமா என்று யோசித்திருப்பாய். கிழிக்கவில்லை என்ற நம்பிக்கையில் மேலே எழுதுகிறேன். உன் கண்ணாடிக் கடையின் விலாசம் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. போன் நம்பரை நீ தரவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. அம்மா போன அன்று ஆளுக்கொரு மூலையில் நின்றோமே, அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆர்க்கிடெக்ட் பெரியவரைப் பற்றி ஒரு காட்சி நடக்கிறது. சினிமா என்றும் சொல்ல முடியாது, கண்காட்சி என்றும் சொல்ல முடியாது. பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றுக்கு உள்ளே முழுக்கக் கறுப்படித்து, சுவர், தரை, கூரை என்று எல்லாப் பக்கமும் வெளிச்சத்தாலேயே அவருடைய கட்டடங்களைக் காட்டுகிறார்கள். நாம் நடுவில் நிற்கிறோம், கட்டடம் நம்மைச் சுற்றி எழும்புகிறது. முப்பத்தெட்டு வருஷம் அவர் அலுவலகத்தில் போன் எடுத்து, அளவுப் புத்தகம் எழுதியவள் என்பதால் எனக்கு ஓசிப் பாஸ் வந்தது.

வாசலில் காலுக்குத் துணி உறை கொடுத்தார்கள். உள்ளே கும்மிருட்டு. முதலில் சத்தம்தான் வந்தது. ட்ரேசிங் பேப்பரில் கூர்ப் பென்சில் ஓடுமே, அந்த 'சர்ர்'. அது தலைக்கு மேல் ஓடியது, முதுகுக்குப் பின்னால் ஓடியது. அப்புறம் ஒரு கோடு வந்தது. ஒற்றை வெள்ளைக் கோடு. தரையில் கிளம்பி, யாரோ ஒருவரின் கைத்தடி மேல் ஏறி, என் முழங்காலைத் தாண்டி, சுவரில் போய் நின்றது. அதிலிருந்து இன்னொரு கோடு, இன்னொன்று. கண்ணைக் கொட்டிப் பார்ப்பதற்குள் நான் டவுன் ஹாலின் நடுவில் நிற்கிறேன். தூணெல்லாம் மூச்சு விடுகிற மாதிரி மெல்லப் பெருத்து, மெல்ல இளைத்தது. ஈர சிமெண்ட் வாசனை கூட எங்கிருந்தோ விட்டார்கள்.

வளைவுப் படிக்கட்டு தரையிலிருந்து எழுந்தபோது என் கால் தானாகவே முதல் படியைத் தேடித் தூக்கிக்கொண்டது. படி எங்கே இருக்கிறது? தரை தட்டையாகத்தான் கிடந்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் வெளிச்சப் பெஞ்சில் உட்காரப் போய்ப் பொத்தென்று விழுந்தாள். தூக்கிவிட்டேன். "நல்லவேளை, பெஞ்சு உடையல" என்றாள்.

நான்காவது அறை எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி நூலகம். பதினோரு ஜன்னல்களும் வரிசையாக, தரையிலிருந்து மூன்றடிக்குள் முடிந்துவிடுகிற அதே குட்டை ஜன்னல்கள். நின்று பார்த்தால் வெறும் சுவர். ஒரு கம்பீரமான குரல் சொன்னது: "நிமிர்ந்து நிற்பவனுக்கு இந்த ஜன்னல் எதையும் காட்டாது. குனிபவனுக்கு ஏரியையே தரும்." உடனே நூறு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள், தம்பி. உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. வெளிச்சம்தான் என்று தெரிந்தும் நான் காலை இழுத்துக்கொண்டேன். எல்லோர் முகத்திலும் அலை ஆடியது. எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்ததும் இதை நடத்துகிற பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், அந்த ஜன்னல் எப்படிப் பிறந்துச்சுன்னு உங்க குரல்ல ரெண்டு நிமிஷம் சொல்லுங்க. ஷோவுல சேர்த்துடறோம்" என்கிறாள். ஜூலை முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டுமாம். செப்டம்பரில் காட்சி உன் ஊருக்கு வருகிறது.

நான் என்ன சொல்லட்டும்? உன்னைக் கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று இருக்கிறேன்.

அக்கா

ஜூன் 21

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கடையில் ஆள் இருந்தது. கடிதத்தைக் கிழிக்கிற கடைக்காரனிடம் யார் கண்ணாடி வாங்குவார்கள்?

என்னைக் கேட்காமல் வாயைத் திறக்க மாட்டாயாமே. நல்ல தமாஷ். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நீ வாயைத் திறந்தது நாலே வார்த்தைக்கு. "அடி மூணுன்னுதான் எழுதினேன், சார்." அவ்வளவுதான். பெரியவர் என்னைப் பார்த்தார். படத்தின் மூலையில் டிராப்ட்ஸ்மேன் என்று என் கையெழுத்து. நீ எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. அன்று மாலைக்குள் படம் வரைகிற டி-ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நின்றேன். என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவள் நீ, வெளியே அனுப்பியவளும் நீ.

ஆறு மாதம் கழித்து அதே ஜன்னலுக்குப் பரிசு. பெரியவர் யோசித்து யோசித்துத் தாழ்த்தினாராம். பத்திரிகையில் படித்தேன். தப்பாக இருந்தவரைக்கும் அது என்னுடையது, அழகானதும் அவருடையது.

இப்போது நான் ஒரு கண்ணின் நடுவிலிருந்து இன்னொரு கண்ணின் நடுவரைக்கும் மில்லிமீட்டரில் அளக்கிறேன். ஒன்றிரண்டு கூடினால் போதும், தலைவலி என்று மறுநாளே வந்து நிற்பார்கள். இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

போனில் பேசலாமா என்று அடுத்ததாகக் கேட்பாய். வேண்டாம். நீ அழுவாய், நான் கத்துவேன். எழுது.

அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. அன்றைக்குச் சொன்னதையே சொல்.

தம்பி

பின்குறிப்பு: தண்ணீர் உள்ளே வந்தபோது ஜன்னலின் உள்விளிம்பில் நிழல் சாய்வாக விழுந்ததா? இல்லையென்றால் தப்பாகச் செய்திருக்கிறார்கள். அந்தச் சாய்வு நான் வரைந்தது.

ஜூலை 3

தம்பி,

நிழல் சாய்வாகத்தான் விழுகிறது. உனக்காகவே மறுபடி போனேன். இந்தத் தடவை காசு கொடுத்து.

வாரநாள் காலை என்பதால் உள்ளே ஏழெட்டுப் பேர்தான். நூலக அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏரி முதலில் பச்சையாக இருக்கும், பிறகு வெள்ளி மாதிரி ஆகும், பிறகு பனி இறங்கும். பனி இறங்கும்போது சுவரே இல்லாமல் போய்விடுகிறது. அறை எங்கே முடிகிறது, ஏரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. நம் அலுவலகத்து நாற்காலி ஒன்று தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்தேன். அப்படி எதுவும் காட்சியில் கிடையாது என்று பிறகு அந்தப் பெண் சத்தியம் செய்தாள். நான் தூங்கியிருக்க வேண்டும். அந்த நாற்காலியில் நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

அதனால் எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் நீ கேட்டதில்லை.

அன்று பெரியவர் வேலை நடக்கிற இடத்திலிருந்து போன் செய்தார். லைன் கரகரவென்று இருந்தது. "பதினோரு ஜன்னலுக்கும் அடி மூணு" என்றார். ஜன்னலின் மேல் விளிம்பைத் தலை என்றும் கீழ் விளிம்பை அடி என்றும்தான் நாம் சொல்வோம். கீழ் விளிம்பு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வர வேண்டும் என்று அர்த்தம். சாதாரண ஜன்னல், எல்லா வீட்டிலும் இருப்பது. நான் சீட்டில் '11 ஜன்னல், 3 அடி' என்று எழுதினேன். எழுத்தில் அப்படித்தானே அழகாக இருக்கிறது? மூன்று அடி. யாராவது அடி மூன்று என்று எழுதுவார்களா? வார்த்தையைப் புரட்டிப் போட்டேன், தரையிலிருந்து மொத்தமே மூன்றடி என்று ஆகி ஜன்னல் தரைக்கு இறங்கிவிட்டது.

சுவர் எழும்பிய பிறகுதான் பெரியவர் பார்த்தார். நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்து என்னிடம் கேட்டார். எனக்குப் பயம். வீடு என் சம்பளத்தில் ஓடியது, அம்மாவுக்கு மருந்து என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. வெறும் பயம்தான். பொய் சொன்னேன்.

பரிசு வந்த அன்றாவது பெரியவரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். 'இனிமேல் சொன்னால் அவருக்குத்தான் அவமானம்' என்று ஒரு சாக்குக் கிடைத்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

22ஆம் தேதி பதிவு. உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறேன். சீட்டு என்னுடையது, தப்பு என்னுடையது, என் தம்பிமேல் ஒரு குற்றமும் இல்லை. நீ வேண்டாம் என்றால் அதற்குள் எழுது.

அக்கா

ஜூலை 20

அக்கா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கடையில் ஆள் இல்லை.

அப்படிச் சொல்லாதே. பதிவு செய்யாதே. என்மேல் குற்றம் இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் நடந்தது உனக்கு மறந்துவிட்டதா? நான் ஒரு கதவின் அளவைச் சந்தேகப்பட்டு உன் மேஜைக்கு வந்து கேட்டேன். நீ அளவுப் புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. ஆபீஸே கேட்கிற மாதிரி, "யோசிக்கறதுக்கு உனக்கு யாரும் சம்பளம் கொடுக்கல. எழுதினதை வரை, போ" என்றாய். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். டீ கொண்டுவருகிறவர்கூடச் சிரித்தார். காது சிவக்க என் பலகைக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சீட்டு வந்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது அக்கா. எந்த ஊர்ப் படிப்பறையில் ஜன்னல் மூன்றடியில் முடியும்? பெரியவர் 'அடி மூணு' என்றிருப்பார், நீ மாற்றி எழுதியிருக்கிறாய் என்று எனக்கு அப்போதே தெரியும். பத்தடி தூரத்தில் நீ இருந்தாய். எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லை. 'எழுதினதை வரைகிறேன், மாட்டிக்கொள்' என்று நினைத்தேன். பதினோரு ஜன்னலையும் அவ்வளவு அழகாக என் வாழ்நாளில் நான் வரைந்ததில்லை. உள்விளிம்புச் சாய்வெல்லாம் சொந்தமாகச் சேர்த்தேன். தப்பு ஜோராக இருக்க வேண்டும், எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், நீ பெரியவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

அப்புறம் நீ பொய் சொன்னாய். எனக்கு வாய் வரவில்லை. 'சீட்டில் மூணு அடின்னுதான் இருந்துச்சு' என்று சொல்லியிருந்தால், 'நீ பார்த்தவுடனே கேட்டிருக்க வேண்டாமா' என்று பெரியவர் கேட்டிருப்பார். என் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும். அதனால் வெளியே வந்தேன். உன்னைக் கோபித்துக்கொள்வது சுலபமாக இருந்தது, அதிலேயே இத்தனை வருஷத்தைத் தள்ளிவிட்டேன்.

இது என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

தம்பி

ஜூலை 31

டேய்,

உன் கடிதம் 27ஆம் தேதி வந்தது. 22ஆம் தேதியே பதிவு முடிந்துவிட்டது. மைக்குக்கு முன்னால் ஒரு பாட்டம் அழுது, 'என் தம்பி பாவம்' என்று சொல்லிவிட்டு, பாரம் இறங்கி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியவள் நான். அதற்குப் பிறகு வருகிறது உன் வாக்குமூலம்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தொரு வருஷம்! கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே போனாலும் 'தம்பி வரலையா' என்று யாராவது கேட்பார்கள். என் பாவம் என்று தலையைக் குனிந்துகொள்வேன். நீயானால் ஜோராகச் சாய்வெல்லாம் போட்டு வரைந்தாயாமே. இந்தக் கையாலா உனக்குச் சிலேட்டு பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தேன்? நேரில் இருந்திருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். அந்த அடியும் மூணு ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் மறுபடியும் கிடங்குக்குப் போனேன். உன்மேல் இருக்கிற கோபத்தை அந்த ஜன்னலிடமாவது காட்டலாம் என்றுதான் போனேன். கூட்டம் நிறைய. கம்பீரக் குரல் வழக்கம்போல் சொன்னது, அத்தனை பேரும் பயபக்தியோடு உட்கார்ந்தார்கள். ஒரு கல்லூரி வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர்களுக்கு நடுவில் எனக்கு உறைத்தது. இத்தனை பேரும் குனிந்து உட்கார்ந்திருப்பது உன் சண்டைக்கும் என் சண்டைக்கும் முன்னால்தானே? நான் ஒரு சொல் எரிந்து விழுந்தேன், நீ ரோஷத்தில் வரைந்தாய். அதற்குள்ளிருந்து ஏரி வருகிறது.

சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் பைத்தியம் என்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். தண்ணீர் வந்தது, நான் காலை இழுக்கவில்லை. அது என் பாதத்தில் ஏறி, மடியில் ஏறி, கழுத்துவரை வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். வெளிச்சத்துக்கு ஏது சூடு? எனக்கு இருந்தது.

அந்தக் காலையில் உன்னை அப்படிப் பேசியது தப்பு. மறந்தே போயிருந்தேன். சொன்னவளுக்கு மறந்துவிடுகிறது பார்.

பதிவை மாற்றச் சொல்ல வேண்டுமா என்று நீயே சொல். இன்னொன்றும் கேட்கிறேன். செப்டம்பரில் அங்கே காட்சி திறக்கும்போது நான் வரட்டுமா? நீ வா என்றால் வருகிறேன். பதில் இல்லையென்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 28

தம்பி,

தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதினேன்தான். ஒன்றே ஒன்று. கடை மூடியிருக்கிறதா, வாய் மூடியிருக்கிறதா?

அக்கா

செப்டம்பர் 14

அக்கா,

இரண்டும் திறந்துதான் இருக்கின்றன. பேனாதான் ஓடவில்லை. 'வா' என்று ஒரு எழுத்து எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதினால் நீ வந்துவிடுவாய். வந்தால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு மாதம் அதிலேயே போயிற்று.

முதலில் என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களோட சேர்ந்து நானும் உங்க அக்காவைத் திட்டியிருக்கேனே, அதையெல்லாம் எங்க போய்த் திருப்பி எடுக்கறது?" என்றாள். பிறகு அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

இங்கே ஒரு பழைய ரயில் கொட்டகையில் நடக்கிறது. நீ சொன்ன மாதிரியே முதலில் பென்சில் சத்தம். எனக்கு விரல் குறுகுறுத்தது. கோடு தரையில் ஓடிவந்து என் செருப்புறையில் முட்டி, சட்டையில் ஏறி, பையைத் தாண்டித் தோள்வழியாகப் போயிற்று. நகராமல் நின்றேன். நகர்ந்தால் கோடு கோணிவிடும் என்று தோன்றியது. இவள் முழங்கையால் இடித்தாள்.

நூலக அறையில் சனி ஞாயிறு மாதிரிக் கூட்டம். குரல் சொன்னது. எல்லோரும் உட்கார்ந்தார்கள், நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். நான் வரைந்ததற்கு நானே குனிவதா என்று ஒரு வீம்பு. அப்போது இருட்டில் இன்னொரு குரல் வந்தது.

"அந்த ஜன்னலை வரைஞ்சது என் தம்பி."

அவ்வளவுதான் அக்கா. நீ சொன்ன மற்றதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். சீட்டு இல்லை, போன் இல்லை, உன் பொய்யும் இல்லை, என் குற்றமும் இல்லை. மாற்றச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுத் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டார்கள்.

எனக்கு வார்த்தை உறைக்கவே நேரமாயிற்று. முதலில் யாரோ ஒரு கிழவி பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் நீ என்று தெரிந்தது. உன் குரல் எப்போது அக்கா இப்படி ஆனது? என் காதில் இருப்பது 'எழுதினதை வரை, போ' என்ற கணீர் குரல். அதையே இத்தனை வருஷமும் திட்டிக்கொண்டிருந்தேன். அது எப்போதோ இல்லாமல் போய்விட்டது, எனக்குத் தெரியவே இல்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். பக்கத்திலிருந்த பெண்மணி, "யாருங்க அந்தத் தம்பி?" என்று யாரிடமோ கேட்டாள். "இவர்தான்" என்று இவள் என்னைக் காட்டினாள். அந்தப் பெண்மணி என் வழுக்கையையும் மூக்குக் கண்ணாடியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பிங்கறாங்களே" என்றாள்.

காட்சி முடிந்தும் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. காவலாளி ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். இருவரும் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள்.

இருபத்தெட்டாம் தேதி காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். தேதி மாற்றித் தர மாட்டார்களாம். வந்துவிடு. மொத்தம் மூன்று டிக்கெட். நீயும் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டாமா? இவளும் வருகிறாள்.

தம்பி